பூல் க்யூவின் 13 மி.மீ. ஷாஃப்ட் தேய்ந்து 12.2-க்கு வந்துவிட்டது: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

நுங்கம்பாக்கம்_8பந்து

வணக்கம். மூன்று வாரமாக ஒரு முடிவுக்கு வரமுடியாமல் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது இரண்டு துண்டு பூல் க்யூ. 58 அங்குலம், 19 அவுன்ஸ், மேப்பிள் ஷாஃப்ட் (முன்துண்டு), இரண்டும் சேருகிற இடத்தில் எஃகு காலர், 5/16-18 மரை. 2012-இல் அண்ணன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்து கொடுத்தது. அன்றிலிருந்து வேறு ஸ்டிக்கைத் தொட்டதில்லை. வாரத்துக்கு மூன்று நாள், சில வாரம் ஐந்து நாள், இதே க்யூதான். இப்போது அதற்கு நாலு கோளாறு ஒன்றாக வந்து சேர்ந்திருக்கிறது.

ஃபெரூலுக்கு, அதாவது ஷாஃப்ட் நுனியில் மாட்டியிருக்கிற வெள்ளைக் குப்பிக்கு, கீழே மரம் உள்வாங்கியிருக்கிறது. டிப் (பந்தைத் தொடுகிற தோல் முனை) பக்கத்திலிருந்து கட்டைவிரல் நகத்தை வைத்துக் கீழே இழுத்தால், ஃபெரூல் முடிகிற இடத்தில் நகம் ஒரு படி இறங்குகிறது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு சொட்டை. மேசையின் விளிம்பில் இடித்தது. பார்வைக்குச் சின்னதுதான், ஆனால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் ஆள்காட்டி விரலுக்கு அடியில் போய்ப் போய் வருவதால் அடிக்கிற நேரத்தில் மனம் அங்கேயே நிற்கிறது. மூன்றாவது, பலமாக அடித்தால் ‘இர்ர்’ என்று ஒரு சத்தம். நாலாவது, பிரேக் (ஆட்டம் தொடங்குகிற பலமான முதல் அடி) அடிக்கும்போது ஷாஃப்ட் முன்பைவிட அதிகமாக வளைந்து கொடுக்கிறது. இது என் பிரமையா என்றுகூடத் தெரியவில்லை.

கிளப்பில் கூட ஆடுகிறவர்கள் "இது முடிந்துபோன ஷாஃப்ட், கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் வாங்கு" என்கிறார்கள். க்யூ ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர், பித்தளை ஃபெரூல் மாட்டி, மேலிருந்து கீழ்வரை உப்புத்தாள் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கித் தருவதாகச் சொன்னார். இரண்டுமே சரியாகப் படவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பனிக்கால_பூல்

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். நான் 2019 வரை மேப்பிள்தான் ஆடினேன், பிறகு கார்பனுக்கு மாறிவிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. பிரிடேட்டர் கம்பெனி 2016-இல் ரெவோ என்ற கார்பன் ஷாஃப்ட்டை இறக்கிய பிறகு இங்கே லீக் இரவுகளில் பாதிப் பேரின் கையில் கறுப்பு ஷாஃப்ட்தான். இப்போது க்யூடெக், மெஸ் என்று எல்லாரும் செய்கிறார்கள். ஈரம் ஏறாது, கோணாது, இலகுவில் சொட்டை விழாது, ஆல்கஹாலில் ஒரு துடை துடைத்தால் பளிச்சென்று இருக்கும். 12 வருட மரத்துக்குக் காசு செலவழிப்பதைவிட அதைச் சேர்த்துப் போட்டுக் கார்பனை வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. ஆனால் மரையைப் பார்த்து வாங்க வேண்டும். 5/16-18, 5/16-14, 3/8-10, ரேடியல், யூனிலாக் எல்லாம் வேறு வேறு, ஒன்று மற்றதில் ஏறாது.

கடைசல்காரன்

கோவையில் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன், பத்துப் பன்னிரண்டு வருஷமாக க்யூ வேலையும் பார்க்கிறேன். தம்பி, யார் என்ன சொன்னாலும் மூன்று விஷயம் பார்க்காமல் அந்த ஷாஃப்ட்டைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன்.

முதலில் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். க்யூவைக் கழற்றி ஷாஃப்ட்டை மட்டும் மேசைமேல் உருட்டுங்கள். கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி, ஷாஃப்ட்டுக்கும் துணிக்கும் நடுவில் தெரிகிற வெளிச்சத்தைப் பாருங்கள். வெளிச்சம் ஒரே அளவாக நின்றால் நல்லது, திறந்து மூடித் திறந்து மூடித் துடித்தால் வளைவு. அப்புறம் மாட்டி முழு க்யூவையும் உருட்டுங்கள். தனித்தனியே நேராக இருந்து, மாட்டியபின் ஆடினால் கோளாறு மரத்தில் இல்லை, இரண்டு துண்டும் சேருகிற ஜாயிண்ட் முகத்தில் இருக்கிறது. அதை லேத்தில் ஒரு சீவலில் சரிசெய்துவிடலாம். அதைப் பார்க்காமலே நல்ல ஷாஃப்ட்டைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது வெர்னியர் எடுத்து அளவு. ஃபெரூலில், ஃபெரூலுக்குச் சற்றுக் கீழே, ஒரு சாணில், பத்து அங்குலத்தில். ஒவ்வொரு இடத்திலும் ஒரு அளவு எடுத்து, ஷாஃப்ட்டைக் கால் சுற்று திருப்பி இன்னொரு அளவு எடுங்கள். இரண்டையும் எழுதுங்கள்.

கடைசியாக அந்த ‘இர்ர்’. ஷாஃப்ட்டை நடுவில் இரண்டு விரலால் தொங்கப் பிடித்து ஃபெரூலை விரல் முட்டியால் தட்டுங்கள். அப்புறம் பின்துண்டைத் தனியாகப் பிடித்து உள்ளங்கையால் தட்டுங்கள். எதில் சத்தம் வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். பின்துண்டுக்குள் இருக்கிற எடை போல்ட் தளர்ந்தாலும் இதே சத்தம்தான் வரும், அதற்கும் ஷாஃப்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

பழைய_மார்க்கர்

கடைசல்காரர் சொன்னது சரி. நான் முப்பது வருஷம் பில்லியர்ட்ஸ் அறையில் புள்ளி எழுதுகிற மார்க்கராக இருந்தவன், அந்தப் பித்தளை விஷயத்துக்காக மட்டும் எழுதுகிறேன். தயவுசெய்து போடாதீர்கள்.

நம் ஊரில் க்யூ வேலை தெரிந்தவர்கள் பெரும்பாலும் பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் பக்கம் வளர்ந்தவர்கள். அது இயல்புதான், ஸ்நூக்கர் 1875-இல் ஜபல்பூரில் பிறந்து ஊட்டி கிளப்பில் விதி எழுதப்பட்ட ஆட்டம். அந்த க்யூ ஆஷ் மரம், டிப் ஒன்பதரை பத்து மி.மீ., அதன் தலையில் மெல்லிய பித்தளை. மெல்லிய முனைக்கு அந்த எடை தாங்கும். உங்களுடையது 13-இல் பிறந்த பூல் ஷாஃப்ட். அந்தக் கனத்துக்குப் பித்தளை வளையம் போட்டால் நுனியில் எடை ஏறும், சைடு வைத்து (பந்தின் நடுவை விட்டு இடமோ வலமோ தள்ளி) அடிக்கிற ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பந்து நீங்கள் பார்த்த கோட்டை விட்டு முன்பைவிட அதிகமாக விலகிப் போகும். பல வருஷம் பழகிய கண் ஒரே நாளில் பொய்த்துவிடும்.

அப்புறம் அந்த ‘மேலிருந்து கீழ்வரை உப்புத்தாள்’. அதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

நுங்கம்பாக்கம்_8பந்து

நன்றி ஐயா, நன்றி அண்ணே. நேற்று இரவு மேசை காலியான பிறகு எல்லாம் செய்து பார்த்தேன்.

தனியாக உருட்டினால் வெளிச்சம் அசையவே இல்லை. மாட்டி உருட்டினாலும் அப்படியே. நாலு தடவை பார்த்தேன், பக்கத்தில் இருந்தவரையும் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

அளவு: ஃபெரூல் 12.9, எந்தப் பக்கம் திருப்பினாலும் 12.9. அதற்குக் கீழே மரம் ஒரு பக்கம் 12.2, திருப்பினால் 12.3. ஒரு சாணில் 12.3, 12.4. பத்து அங்குலத்தில் 12.7. வாங்கும்போது 13 என்றுதான் போட்டிருந்தது.

சத்தம் ஷாஃப்ட்டில்தான், பின்துண்டு சுத்தமாக இருக்கிறது. ஃபெரூலைத் தட்டினால் ஓட்டை விழுந்த தேங்காயைத் தட்டியது போலக் கேட்கிறது.

கடைசல்காரன்

நல்ல செய்தி. ஒரு கேள்வி: ஷாஃப்ட்டை எப்படிச் சுத்தம் செய்வீர்கள், எப்போது? மறைக்காமல் சொல்லுங்கள். க்யூவை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள் என்பதையும்.

நுங்கம்பாக்கம்_8பந்து

மழைக்காலத்தில் ஷாஃப்ட் கையில் பிடித்துக்கொள்ளும், வழுக்காது. அக்டோபர் வாக்கில் ஃபெரூலுக்குக் கீழே மரம் லேசாகத் துருத்திக்கொண்டு நிற்கும், விரலில் தட்டும். அப்போது 400 உப்புத்தாளில் இழைத்து ஃபெரூலோடு சமமாக்குவேன், பிறகு 1000 போட்டு வழவழப்பாக்குவேன். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை. நடுவில் அழுக்கு ஏறினால் வெள்ளை ஸ்பாஞ்ச் போட்டுத் தேய்ப்பேன். க்யூ படுக்கையறையில் பீரோ ஓரமாகப் பையில் இருக்கும், ஏப்ரலிலிருந்து அந்த அறையில் ராத்திரி முழுக்க ஏசி ஓடும்.

கடைசல்காரன்

அதுதான் தம்பி. உங்கள் ஷாஃப்ட் ஆடித் தேயவில்லை, இழைத்துத் தேய்ந்திருக்கிறது.

மரம் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துப் பருக்கும், காற்று வறண்டால் கொடுத்துச் சுருங்கும். மேப்பிள் இரண்டு திசையில் இரண்டு அளவாகச் சுருங்கும். பச்சை மரத்திலிருந்து முழுக்கக் காய்கிறவரை கணக்குப் பார்த்தால், ஆண்டு வளையங்களுக்குக் குறுக்கே 4.8 சதவீதம், வளையத்தின் போக்கில் 9.9 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கால் சுற்று திருப்பி அளக்கச் சொன்னது அதனால்தான்: 12.2, 12.3 என்று வந்ததே, வட்டம் லேசாக முட்டை வடிவாகியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, எல்லா மர ஷாஃப்ட்டும் இப்படித்தான் இருக்கும். ஃபெரூல் பிளாஸ்டிக், அது அசையாது, அதனால்தான் இரண்டு பக்கமும் 12.9.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஐப்பசி மழையில் மரம் 0.1, 0.2 மி.மீ. ஊதி ஃபெரூலுக்கு மேலே வருகிறது. நீங்கள் இழைத்துச் சமமாக்குகிறீர்கள். ஏப்ரலில் ஏசி போட்டதும் அதே மரம் சுருங்கி ஃபெரூலுக்குக் கீழே போகிறது, இழைத்தது திரும்ப வரவா போகிறது? அடுத்த மழையில் மீண்டும் கொஞ்சம். அந்த வெள்ளை ஸ்பாஞ்சும் உப்புத்தாள்தான், மிக மெல்லிய உப்புத்தாள். கை எப்போதும் அழுக்கு சேர்கிற முன்பக்கத்திலேயே தேய்க்கும், அதனால்தான் பத்து அங்குலத்தில் 12.7 இருக்கிறது, ஃபெரூல் பக்கத்தில் 12.2 இருக்கிறது. பன்னிரண்டு வருஷக் கணக்கு பொருந்துகிறதா பாருங்கள்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. யாரும் சொல்லித் தராத விஷயம் இது. என்னிடம் வருகிற பத்து ஷாஃப்ட்டில் ஏழு எட்டு இப்படித்தான் வருகிறது.

பனிக்கால_பூல்

ஓம், இது எனக்கு நல்லா விளங்குது. இங்கே தலைகீழ். மாரியில் ஹீட்டர் ஓடி வீட்டுக் காற்று காய்ந்துவிடும், ஜனவரியில் ஃபெரூலின் விளிம்பு விரலில் தட்டும், ஜூலையில் தட்டாது. நானும் ஒருமுறை ஃபெரூலைத் தேய்த்துச் சமமாக்கி, கோடையில் மரம் மேலே வந்து நின்றதைப் பார்த்துத் திகைத்திருக்கிறேன். அப்போது காரணம் தெரியவில்லை.

ஆனால் அண்ணை, நீங்கள் சொன்ன இதே காரணத்துக்காகத்தானே கார்பன் நல்லது? கடலோர ஊர், மழை ஒரு பக்கம், ஏசி ஒரு பக்கம். மரத்துக்கு ஏன் இந்தப் பாடு?

பச்சைத்துணி

சிங்கப்பூர். இங்கே ஈரப்பதம் எப்போதுமே அதிகம், அதோடு எல்லாக் கட்டடத்திலும் ஏசி, அதனால் இந்த உரையாடல் எனக்காகவே எழுதியது போல் இருக்கிறது. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

பிரேக்கில் வளைந்து கொடுப்பது உங்கள் பிரமை இல்லை. நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். உருண்டையான கம்பின் விறைப்பு விட்டத்தின் நாலாவது அடுக்கில் போகிறது. 13 இருந்தது 12.2 ஆனால் விட்டம் ஆறு சதவீதம்தான் குறைகிறது, ஆனால் அந்த இடத்தில் விறைப்பு 22 சதவீதம் குறைந்துவிடுகிறது. கை அதை உணராமல் இருக்காது.

அதே நேரம் நுனி மெலிந்ததால் அங்கே எடையும் குறைந்திருக்கிறது. சைடு வைத்து அடிக்கும்போது வெள்ளைப் பந்து எதிர்ப்பக்கம் விலகுவது ஷாஃப்ட்டின் கடைசி ஆறேழு அங்குலத்தின் எடையைப் பொறுத்தது. அந்த எடை குறைந்தால் விலகலும் குறையும். லோ டிஃப்ளெக்‌ஷன் ஷாஃப்ட் செய்பவர்கள் நுனியை மெல்லியதாக்குவதும் உள்ளே குடைவதும் இதற்காகத்தான். ஆக, பன்னிரண்டு வருஷத்தில் உங்கள் ஷாஃப்ட் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கிறது, உங்கள் கண்ணும் கூடவே கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கிறது, உங்களுக்கே தெரியாமல். நாளைக்குப் புது 13 மி.மீ. மேப்பிளை மாட்டினால் ‘பழைய மாதிரியே புதுசு’ என்று நினைப்பீர்கள், ஆனால் நீண்ட ஷாட்டில் சைடு வைத்தால் பந்து பாக்கெட்டின் தாடையில் அடித்து வெளியே வரும்.

எனக்கு அதுதான் நடந்தது. லீக் நடுவில் ஷாஃப்ட் மாற்றினேன். முதல் இரண்டு மாதம் நேராக அடிக்கிற பந்தெல்லாம் விழுந்தது, வலது சைடு வைத்த பந்து ஒன்றுகூட விழவில்லை. அழுகையே வந்துவிட்டது. புதிது வாங்குவது தப்பில்லை, ஆனால் வாங்குகிற விலையோடு அந்த இரண்டு மாதத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நுங்கம்பாக்கம்_8பந்து

அக்கா, இது என் மண்டையில் ஏறவே இல்லை இவ்வளவு நாளும். போன வருஷம் நண்பரின் க்யூவில் ஒரு ராத்திரி ஆடி எல்லாப் பந்தையும் தவறவிட்டேன், அவர் க்யூ மோசம் என்று நினைத்தேன்.

சொட்டைக்கு என்ன செய்வது? அதையும் இழைத்தால்தான் போகும் என்று சொல்கிறார்களே?

பச்சைத்துணி

கூடாது! சொட்டையை இழைத்து எடுப்பதென்றால் சுற்றியிருக்கிற நல்ல மரத்தையெல்லாம் அதன் ஆழத்துக்குக் கொண்டுவருவது என்று அர்த்தம். சொட்டையில் மரம் காணாமல் போகவில்லை, அமுங்கித்தான் இருக்கிறது, அதை எழுப்பலாம்.

முதலில் விளக்குக்கு அடியில் பாருங்கள். இழை அறுந்திருக்கிறதா, அமுங்கியிருக்கிறதா? நகத்தின் ஓரத்தில் கூர்மையாகப் பிடித்தால் அறுந்தது, வழுக்கிக்கொண்டு இறங்கினால் அமுங்கியது. அமுங்கியதாக இருந்தால் பழைய பருத்தி வேட்டித் துணியில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து, நனைத்து, சொட்டச் சொட்ட இல்லாமல் நன்றாகப் பிழிந்து, சொட்டைமேல் மட்டும் ஒரே மடிப்பாக வையுங்கள். இஸ்திரிப் பெட்டியின் கூர்முனையால் அந்தத் துணியை மூன்று நாலு வினாடி தொடுங்கள். ‘சுய்’ என்று ஆவி போகும். எடுத்துப் பாருங்கள், தேவையென்றால் இன்னொரு தடவை. அமுங்கின இழைக்குள் ஈரமும் சூடும் போனால் அது தானாக நிமிரும். பிறகு ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும், அதற்குள் ஆடக் கூடாது. காய்ந்ததும் அந்த இடம் கொஞ்சம் சொரசொரப்பாக எழும்பியிருக்கும், தோல் துண்டை வைத்து உள்ளங்கை சுடுகிற அளவுக்கு வேகமாகத் தேய்த்தால் படிந்துவிடும்.

ஃபெரூல் பக்கமோ ஜாயிண்ட் பக்கமோ சூட்டைக் கொண்டுபோகாதீர்கள், உள்ளே இருக்கிற பசை இளகும். முழு ஷாஃப்ட்டையும் ஆவியில் காட்டவும் கூடாது. ஒரு சொட்டையைப் போக்கப் போய் நேரான மரத்தைக் கோணலாக்கியவரை எனக்குத் தெரியும்.

இழை அறுந்திருந்தால் ஆவி வேலை செய்யாது. அந்தப் பள்ளத்தில் ஃபெவிக்விக் மாதிரிப் பசையை ஊசி முனையில் சொட்டு சொட்டாக வைத்து நிரப்பி, காய்ந்தபின் அந்தப் பசையை மட்டும் சமமாக்க வேண்டும். அதற்குக் கை பழகியிருக்க வேண்டும், கடைசல்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

பழைய_மார்க்கர்

சொட்டை எழுப்புவதற்கு நாங்கள் அந்தக் காலத்தில் கண்ணாடிக் குடுவையில் வெந்நீர் ஊற்றி, ஈரத் துணிக்கு மேலே உருட்டுவோம். சூடு நிதானமாக இறங்கும். இஸ்திரிப் பெட்டியைக் கண்டால் பயப்படுகிறவர்கள் இப்படிச் செய்யலாம்.

கடைசல்காரன்

பனிக்கால நண்பர் கார்பனைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். கார்பன் மோசம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஈரம் ஏறாது என்பது உண்மை. இந்த ஷாஃப்ட் கோணியிருந்தால், அல்லது மரத்தில் விரிசல் காலர்வரை ஓடியிருந்தால், ஒரு வார்த்தை பேசாமல் புதிது வாங்குங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். கோணின ஷாஃப்ட்டைச் சூடு காட்டி, எடை தொங்கவிட்டு நிமிர்த்துகிறவர்கள் உண்டு, நானும் செய்து பார்த்தேன். இரண்டு மழை தாண்டுவதற்குள் பழைய கோணலுக்கே போய்விடுகிறது. அந்த வேலையை நான் இப்போது எடுப்பதே இல்லை.

ஆனால் இவருடையது நேராக இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தை நீங்கள் யாரும் போதுமான அளவுக்கு மதிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல ஷாஃப்ட் ஒரே நாளில் கடைந்து எடுப்பதில்லை. கட்டையைச் சூளையில் காயவைத்து, முதலில் கனமாகக் கடைந்து, தொங்கவிட்டு, மாதக்கணக்கில் விட்டு, மறுபடி கொஞ்சம் சீவி, மறுபடி தொங்கவிட்டு என்று போகும். ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு சில கட்டை கோணிக்கொள்ளும், அவற்றைக் கழித்துவிடுவார்கள். அப்படித் தப்பி வந்த ஷாஃப்ட்கூட வாங்கியவன் வீட்டில் இரண்டு வருஷம் கழித்துக் கோணலாம், யாரும் உத்தரவாதம் தர முடியாது. இவருடைய மரம் சென்னைக் காற்றில், வருஷா வருஷம் மேல்தோலை இழந்துகொண்டே, பன்னிரண்டு வருஷம் நேராக நின்றிருக்கிறது. இனி அது எங்கேயும் போகாது என்று என்னால் கிட்டத்தட்டத் தைரியமாகச் சொல்ல முடியும். புது மரத்தைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

அதனால் என் யோசனை: மரத்தில் கை வைக்க வேண்டாம். ஃபெரூலை மாற்றி, புது ஃபெரூலை மரத்தின் அளவுக்குக் கடைந்து இறக்குவோம். மரத்தை ஃபெரூலுக்குச் சமமாக்கித்தான் இவ்வளவு நாள் தேய்ந்தது, இந்தத் தடவை ஃபெரூல் மரத்துக்கு இறங்கி வரட்டும். டிப்பின் அளவு 12.3 ஆகிவிடும், விதிப்படி 14 மி.மீ.-க்கு மேலே போகக் கூடாது என்பதுதான் கணக்கு, கீழே எல்லை இல்லை.

ஒரு நிபந்தனை. ஃபெரூலைக் கழற்றினால் உள்ளே ஒரு மர முளை இருக்கும், சுண்டுவிரல் கனம்கூட இருக்காது. அது உடைந்திருந்தால் பேச்சு மாறும். சத்தம் அங்கிருந்துதான் வருகிறது, அதனால் இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது.

பனிக்கால_பூல்

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நேராக இருக்கிறது என்று தெரியாமல்தான் நான் முதலில் எழுதினேன். என்னுடைய பழைய மேப்பிள் ஷாஃப்ட் கோணியதால்தான் நான் மாறினேன், அது வேறு கதை என்று இப்போது விளங்குது. அப்போது ஒரு நல்ல கார்பனுக்கு 500 டாலர் பக்கம் போனது, சின்னக் காசில்லை. ஆனால் பிரேக்குக்கு என்ன செய்வது? அந்த 22 சதவீதம் திரும்ப வராதே?

கடைசல்காரன்

வராது. பிரேக்குக்கு அந்த ஷாஃப்ட்டை இனி எடுக்கவே கூடாது. கிளப்பில் இருக்கிற கனமான ஸ்டிக் எதுவும் போதும், டிப் ஒட்டியிருந்தால் சரி. மெலிந்த நுனியில் அந்த அடி விழ வேண்டாம்.

நுங்கம்பாக்கம்_8பந்து

இரண்டு செய்தி. ஒன்று, சொட்டை. வேட்டித் துணி, இஸ்திரிப் பெட்டி, மூன்று தடவை. முதல் தடவை கை நடுங்கியது. மூன்றாவது முடிந்ததும் எங்கே இருந்தது என்று விரலால் தேட வேண்டியிருந்தது. விளக்கில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஒரு நிழல் மாதிரி தெரிகிறது. அக்காவுக்குக் கோடி நன்றி.

இரண்டாவது, அடுத்த வாரம் கோவைக்கு வருகிறேன். ஷாஃப்ட்டை மட்டும் கூரியரில் அனுப்ப மனம் வரவில்லை.

கடைசல்காரன்

வாருங்கள். ஆனால் கொடுத்த அன்றே வேலை நடக்காது. பத்து நாள் என் பட்டறையில் தொங்கட்டும், இங்கத்திய காற்று உங்கள் ஊரைவிட வறண்டது. ஏசி அறையிலிருந்து வந்த மரம் அமைதியான பிறகுதான் அளவெடுப்பேன். டிப் என்ன போடுவது என்றும் யோசித்து வையுங்கள்.

நுங்கம்பாக்கம்_8பந்து

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

இரண்டாவது தடவை போனபோது வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். லேத்தில் ஷாஃப்ட் சுழல, பழைய டிப்பைச் சீவி எடுத்துவிட்டு ஃபெரூலில் உளியை வைத்தார். வெள்ளைச் சுருள் சுருளாக வந்து விழுந்தது. கடைசித் தோல் அளவுக்கு வந்ததும் லேத்தை நிறுத்தி, மீதியைக் கையால் பிடித்துத் திருகினார், அது தானாகக் கையோடு வந்துவிட்டது. உள்ளே பசை முழுக்கப் பொடியாகியிருந்தது, மஞ்சள் மாவு மாதிரி. ‘இர்ர்’ அதுதான். பன்னிரண்டு வருஷப் பசை விட்டுப்போய், ஃபெரூல் முளைமேல் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது.

முளையைத் துடைத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தார். எனக்கு மூச்சே வரவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும், என்னிடம் லென்ஸைக் கொடுத்து நீங்களும் பாருங்கள் என்றார். மயிரிழை விரிசல்கூட இல்லை. மரம் வாங்கின அன்று எப்படி இருந்திருக்குமோ அந்த நிறத்திலேயே இருந்தது, வெளியே இருக்கிற மரம் சாக்கும் வியர்வையும் ஏறி நீலம் பாய்ந்திருக்க, இது மட்டும் பால் நிறத்தில்.

புது மெலமைன் ஃபெரூல், 12.3-க்குக் கடைந்தது. மரத்தில் ஒரு தூள்கூட எடுக்கவில்லை, ஆல்கஹால் நனைத்த துணியால் அழுக்கை மட்டும் துடைத்து, தோலால் தேய்த்து, மெல்லிய சீலர் ஒரு கை, அதன்மேல் மெழுகு. ஈரம் அதிகமாக ஏறுவது மரத்தின் வெட்டுமுனையில்தான் என்று ஜாயிண்ட் முகத்திலும் சீலர் தொட்டுக் கொடுத்தார். டிப் மீடியம் லேயர், அதாவது நடுத்தர இறுக்கத்தில் அடுக்குத் தோல். மொத்தச் செலவு ஒரு நல்ல தோல் செருப்பு வாங்குகிற காசு.

வந்த அன்றே ஆடினேன். நகம் ஃபெரூலிலிருந்து மரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிறது, எங்கே மாறுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டால் தெரியவில்லை. தட்டினால் ‘டொக்’ என்று ஒரே சத்தம். சைடு ஷாட் எல்லாம் பழையபடி விழுகிறது, முதல் ராத்திரியிலேயே. பிரேக்குக்கு கிளப் ஸ்டிக்.

பழைய_மார்க்கர்

படித்து மனம் நிறைந்துவிட்டது. பையில் போடும் முன் உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள், தினமும். அது போதும். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள்.

பச்சைத்துணி

நவம்பரில் அளந்து இங்கேயே போடுங்கள், மறக்காமல். எனக்கு அந்த எண் வேண்டும்.

நுங்கம்பாக்கம்_8பந்து

அக்கா கேட்டபடி. இன்று நவம்பர் 14, வெளியே நாலு நாளாக மழை, ஏசியை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. ஃபெரூல் 12.3. மரம் ஒரு பக்கம் 12.35, திருப்பினால் 12.45. விரலில் தட்டுகிறது, முன்பு தட்டிய அதே இடத்தில். ஈரத் துணிகூட வைக்கவில்லை, உலர்ந்த துணியால் துடைத்துப் பையில் வைத்துவிட்டேன். ஏப்ரலில் ஏசி போட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து போடுகிறேன்.